மதிலும் காவலனும்

நமது கல்லூரியின் மேல்வகுப்பிற் பயின்ற காலத்தில், பழங்காலக் கோட்டைகளைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதினேன். மதிலின் உயரத்தையும் அகழியின் ஆழத்தையும் வாயார வியந்திருந்தேன். பாராட்டை எதிர்பார்த்த எனக்குச் சரித்திர ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு வரியே எழுதித் தந்தார்: “மதிலைக் கண்டாய், அதிற் காவல் நின்றவனைக் கண்டாயா?” அன்று மனம் நொந்தேன். அவ்வினாவின் பொருள் விளங்க முதுமையும், யப்பானிய மலையொன்றும் வேண்டியிருந்தன.

கியூஷூவுக்கும் கொரியாவுக்கும் இடையே கிடப்பது சுஷிமாத் தீவு. அதன் வடமுனையிலிருந்து கொரியக் கரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வானந் தெளிந்த நாளிற் கண்ணுக்குத் தெரியும். தீவின் நடுவே, அசோ விரிகுடாவின் ஓரமாக எழும் 276 மீற்றர் உயரமான ஜோயாமா மலையிலே கனேதா கோட்டையின் இடிபாடுகள் உள்ளன.

அக்கோட்டையைக் கட்டியது வெற்றிச் செருக்கன்று, தோல்வியின் அச்சமே. அழிந்த பெக்ஜே அரசை மீட்கக் கொரியாவுக்குச் சென்ற யப்பானியப் படை, 663ஆம் ஆண்டில் ஹக்குசுகி ஆற்றுமுகத்திலே சீனத் தாங் படையாலும் சில்லாப் படையாலும் முறியடிக்கப்பட்டது. வென்றவர் தொடர்ந்து வருவரென நாடு நடுங்கிற்று. 664இல் சுஷிமா முதலிய இடங்களிற் காவலரை நிறுத்தித் தீக்குறி மேடைகளும் அமைத்தனர். 665இல் ஓனோ, கிய் என்னும் கோட்டைகளும், 667இல் கனேதாவும் எழுந்தன.

மலைச்சரிவை வளைத்துச் செல்லும் கல்மதில் 2 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. பள்ளத்தாக்குகளில் மூன்று வாயில்கள். மழைநீர் வழிந்தோட மதிலடியிலே திறப்பு. செங்குத்துப் பாறை நின்ற பக்கத்தில் இயற்கையே அரணாயிற்று. இவற்றையெல்லாம் பழைய மாணவனின் கண்ணாலேயே முதலில் வியந்தேன்.

பின்னர், அகழ்வில் வெளிப்பட்ட தூண்குழிகளின் அருகே வந்தேன். காவலர் தங்கிய மனைகள் நின்ற இடம் அதுவென்பர். சாகிமொரி எனப்பட்ட அக்காவலரிற் பெரும்பாலோர் தொலைவிலுள்ள கிழக்கு மாகாணங்களின் உழவர். பின்னெழுந்த சட்டப்படி அவர்க்குரிய காவற்காலம் மூன்று ஆண்டு; ஆயுதமும், நானிவாத் துறைவரை வழியுணவும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். தாயையும் மனைவி மக்களையும் பிரிந்த துயரை அவர்கள் பாடிய பாடல்கள் எண்பதுக்கு மேற்பட்டவை மன்யோஷூத் தொகுப்பில் உள்ளன. அவை 755இல் திரட்டப்பட்டவை.

அஞ்சிய படையோ வரவேயில்லை. வென்ற தாங்கும் சில்லாவும் 670 முதல் தம்முட் பொருதன. 1274இல் மங்கோலியர் தீவில் இறங்கியபோது கோட்டை கைவிடப்பட்டு நெடுங்காலமாயிருந்தது. மெய்ஜி காலத்தில் மலையுச்சியிற் பீரங்கித் தளம் அமைத்தனர். அதற்கென வெட்டிய பாதை வழியாகவே நானும் ஏறினேன்.

எதிரி வராத கோட்டை வீணோ என்று உச்சியில் அமர்ந்து எண்ணினேன். அரசனுக்கு அது வீணாகாதிருக்கலாம். அரண் இருந்தமையால் மக்கள் அமைதியாக உறங்கியிருப்பர். ஆயின் அவ்வுறக்கத்தின் விலையைக் கொடுத்தவன், கடலையே நோக்கி மூன்றாண்டு விழித்திருந்த உழவன். அவன் பெயரை எக்கல்லிலும் நான் காணவில்லை.

கட்டுரையைத் திருத்தி எழுதும் ஆவல் எனக்கு இப்போதுதான் பிறந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்ட ஆசிரியர் இல்லை. ஆகவே இம்மலரில் இடுகின்றேன்.