நாளுக்கு ஒரு தாள்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை விருதுநகர் சந்திப்பை அடைந்ததும் அதிலிருந்து ஒரு கிளை மேற்கே திரும்புகிறது. திருத்தங்கல், சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி என்று செங்கோட்டை வரை நீளும் பாதை அது. அண்மையில் ஓர் ஆடி மாதப் புதன்கிழமையன்று அந்தப் பாதையில் பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

காலையில் விருதுநகர் இன்னாசியார் ஆலயத்தில் திருப்பலி கண்டேன். அன்றைய முதல் வாசகம் விடுதலைப் பயண நூலின் பதினாறாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. பாலைநிலத்தில் பசியால் முணுமுணுத்த மக்களுக்கு இறைவன் மன்னாவைப் பொழிந்த வரலாறு அது. பலமுறை கேட்ட பகுதிதானே என்ற எண்ணத்தோடு கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

விருதுநகர் வணிகர்களின் ஊர். வத்தலும் பருப்பும் எண்ணெயும் இவ்வூரிலிருந்து எத்திசைக்கும் செல்கின்றன. விருதுபட்டி என்று முன்னாளில் வழங்கிய இவ்வூரில் 1903-இல் பிறந்தவர் பெருந்தலைவர் காமராசர். அவர் பிறந்த எளிய வீடு இன்று நினைவில்லமாகத் திகழ்கிறது. அதன் முற்றத்தில் நின்றபோது, முதலமைச்சராக இருந்த அவர் 1956-இல் ஏழைச் சிறுவர்க்காகப் பள்ளிகளில் விரிவாக்கிய மதிய உணவுத் திட்டம் என் நினைவுக்கு வந்தது. குழந்தையின் பசி நாள்தோறும் வருவது. ஆகவே சோறும் நாள்தோறும் கிடைக்க வேண்டும். ஆலயத்தில் கேட்ட மன்னாவின் வரலாறு அந்த முற்றத்தில்தான் என் நெஞ்சில் மெல்லத் தைத்தது.

வண்டியில் அமர்ந்து விவிலியத்தைத் திறந்தேன். ஆலயத்தில் வாசிக்கப்பட்ட பகுதிக்கு அடுத்த வரிகளைப் படித்தேன். அவரவர் அன்றைக்கு வேண்டிய அளவே சேர்க்க வேண்டும், மறுநாளுக்கென்று எதையும் வைக்கலாகாது என்று மோசே கட்டளையிடுகிறார். சிலர் கேளாமல் எடுத்து வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் புழு நெளிகிறது, நாற்றம் வீசுகிறது. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டுமே இரு மடங்கு சேர்க்க அனுமதி உண்டு.

சாளரத்துக்கு வெளியே கரிசல் நிலமும் வேலிக்கருவையும் ஓடிக்கொண்டிருந்தன. வானத்தில் மேகம் இருந்தது. மழைக்கான அறிகுறி இல்லை.

“எங்கள் பக்கம் வானம் பொய்த்ததுதான் எங்களுக்குப் பிழைப்பாய் அமைந்தது, அண்ணாச்சி” என்றார் எதிரே அமர்ந்திருந்த முதியவர்.

அவர் கூறியது உண்மையே. உழவு கைவிட்ட வறண்ட பூமியில், 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். ஈரமற்ற காற்று அத்தொழிலுக்கு இசைந்தது. தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசு வந்தது. இரண்டுக்கும் ஒட்டுத்தாள் தேவைப்பட்டதால் அச்சுத்தொழிலும் வளர்ந்தது. இன்று தமிழ் இல்லங்களின் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்களில் பெரும்பகுதி சிவகாசியில் அச்சாகிறவையே. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது அவ்வூர் அச்சகத்தாரின் வழக்கம். நான் சென்றபோது அதற்கான ஏற்பாடுகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. நாள்தோறும் ஓர் இறைவசனம் தாங்கி நம் வீடுகளுக்கு வரும் காலண்டர்களையும் அங்கே கண்டேன்.

இங்கு ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டிலும் அத்தகைய காலண்டர் ஒன்று உண்டு. ஆனால் நான் வாரத்தின் ஆறு நாட்களும் அதை மறந்திருந்து, ஞாயிறன்று ஏழு தாள்களையும் ஒன்றாகக் கிழித்து, ஏழு வசனங்களையும் ஒரே மூச்சில் படித்து முடிப்பவன். கணக்குத் தீர்ந்துவிடும், உள்ளத்தில் ஒன்றும் தங்காது.

அன்றிரவு சிவகாசிக்குப் புறத்தே ஒரு சிற்றூரில் உறவினர் இல்லத்தில் தங்கினேன். பட்டாசு ஆலையில் போர்மேனாகப் பணிபுரியும் அவர், தம் தொழிலின் முறைமைகளை விளக்கினார். மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஒரே சமயத்தில் சிறிதளவே கலக்க வேண்டும். கலந்த மருந்து அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். மறுநாளைக்கென்று மீதம் வைக்கலாகாது. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

“மீதம் வைத்த மருந்து எமன், மாமா. தீபாவளி நெருங்க நெருங்க அவசரமும் ஆசையும் கூடிவிடும். அப்போதுதான் மீதம் வைப்பார்கள், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆளை உட்கார வைப்பார்கள்” என்றார்.

நான் திடுக்கிட்டேன். காலையில் வண்டியில் படித்த மோசேயின் கட்டளையை இவர் தம் தொழில்மொழியில் எனக்குத் திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தார்! மீதம் வைத்த மன்னா புழுத்தது. மீதம் வைத்த மருந்து உயிர் குடிக்கிறது.

மறுநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு அடுத்த வீட்டில் விளக்கெரிந்தது. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஐம்பது வயதுத் தாய் ஒருவர் அங்கே வாழ்கிறார். ஆலை வண்டி வருமுன் சோறு பொங்கித் தூக்குவாளியில் அடைத்துவிட்டு, காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதில் குறித்திருந்த நற்செய்திப் பகுதியை விவிலியத்தில் தேடி வாசித்தார். வாசித்தபின் கண்களை மூடிச் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். அவ்வளவே அவருடைய தியானம்.

அவருடைய விவிலியத்தினுள் பழுப்பேறிய தாள் ஒன்று இருக்கக் கண்டு வினவினேன். 2012 செப்டம்பர் 5, புதன்கிழமை என்றிருந்தது. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட நாள் அது. அன்றைய நற்செய்தி லூக்கா நான்காம் அதிகாரம்: சீமோனின் மாமியாரைக் காய்ச்சலிலிருந்து எழுப்பிய இயேசு, கதிரவன் மறையும் வேளையில் தம்மிடம் கொண்டுவரப்பட்ட பிணியாளர் ஒவ்வொருவர்மேலும் கைகளை வைத்துக் குணமாக்கிய நிகழ்ச்சி.

“காலையில் இதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன், ஐயா. நண்பகலில் சத்தம் கேட்டது. பொழுது சாயும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். இதே பொழுதில்தானே எல்லார்மேலும் கைவைத்துக் குணமாக்கினாய், இன்றைக்கு அந்தக் கை எங்கே போயிற்று என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். பல நாள் தாளே கிழிக்கவில்லை.”

நான் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார். “ஒருநாள் இந்தத் தாளை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒவ்வொருவர்மேலும் என்று போட்டிருக்கிறது. நாங்கள் எல்லாரும் முப்பது பேர், நாற்பது பேர் என்று எண்ணிக்கைதான் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு எண்ணிக்கை இல்லை, ஒவ்வொரு ஆள்தான். செத்தவர்களையும் அப்படித்தான் ஒவ்வொருவராகக் கையில் வாங்கியிருப்பார் என்று நம்புகிறேன். என் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று செய்கிறேன். எங்கள் அறையில் நாலு பேர். நாளுக்கு ஒருத்திக்காகப் பேர் சொல்லி செபிக்கிறேன். நாலாவது நாள் என் முறை வரும்.”

“ஐந்தாவதாக ஒருவரை உட்கார வைத்தால்?” என்று கேட்டேன்.

“மாட்டோம் என்று சொல்லிவிடுவேன். முன்பு பயந்து பேசாமல் இருந்தேன். இப்போது பேர் சொல்லி செபித்த வாயால் சும்மா இருக்க முடியவில்லை” என்றார்.

தெருமுனையில் வண்டியின் ஒலி கேட்டது. அன்றைய தாளை மடித்து விவிலியத்தில் வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு விரைந்து சென்றார். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

அன்பு வாசகர்களே, இறைவார்த்தையை நாள்தோறும் வாசிப்பவர்களுக்குத் துன்பமே வாராது என்று எழுத என் கை ஒப்பவில்லை. செப்டம்பர் 5-இன் வாசகத்தைப் படித்துவிட்டு வேலைக்குச் சென்ற பலருள் அந்தத் தாயும் ஒருவர். வார்த்தை வெடியைத் தடுக்கும் மந்திரம் அன்று. அது மனிதரை எண்ணிக்கையிலிருந்து மீட்டு, ஒவ்வொருவராகக் காணும் கண்ணைத் தருகிறது. அக்கண் தொழிலாளிக்கு வாய்த்தால், மாட்டோம் என்று மறுக்கும் துணிவு பிறக்கும். மேற்பார்வையாளருக்கும் முதலாளிக்கும் வாய்த்தால், அறைக்கு நால்வர் என்னும் விதி வெறும் ஏட்டுச் சட்டமாய் நில்லாது, நான்கு உயிர்களின் கணக்காகிவிடும். பட்டாசு வாங்கும் நமக்கும் அக்கண் வேண்டும்.

இறையன்பைக் கருவூலம்போல் சேர்த்துப் பூட்டி வைக்க இயலாது. நேற்றைய ஆறுதலை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் அது புழுத்திருக்கக் காண்கிறோம். நாளைய அச்சத்துக்கான ஆறுதலோ நாளைய தாளில்தான் இருக்கும். இன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் இன்று காலை நம் வாசலில் பனியைப்போல் இறங்கிக் கிடக்கிறது. குனிந்து எடுத்துக்கொள்வதே நம் வேலை.

ஊர் திரும்பியதும் சுவர்க் காலண்டரின் முன் நின்றேன். மூன்று நாள் தாள்கள் கிழிக்கப்படாமல் இருந்தன. இரண்டைக் கிழித்து மேசைமேல் வைத்தேன். மூன்றாவதைக் கையில் பிடித்து, அதில் குறித்திருந்த பகுதியை மெல்ல, ஒருமுறைக்கு இருமுறை வாசித்தேன். பிறகு கண்களை மூடி, பெயர் அறியாத அந்தத் தாய்க்காகவும் அவருடைய அறையிலுள்ள மற்ற மூவருக்காகவும் செபித்தேன்.