முடிந்ததா, தொடர்கிறதா?

எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் செல்லும் நம் இளைஞர்கள், தம் ஆங்கில விண்ணப்பங்களைத் திருத்தித் தருமாறு நம்மிடம் கொண்டுவருவதுண்டு. அவற்றில் எழுத்துப்பிழை குறைவு. காலம் பிறழ்வதே மிகுதி. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் பணிநிரந்தரம் கோரி, ‘ஐ ஒர்க்டு இன் திஸ் கம்பெனி ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதியிருந்தார். இலக்கணப்படி இதில் குற்றமில்லை. ஆனால் படிக்கும் அதிகாரி, அவர் வேலையை விட்டுச் சென்றவர் என்றே கொள்வார். அவரோ இன்றும் அங்கே உழைப்பவர்.

இதற்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று. ‘மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வது தமிழ் மரபு. ‘ஆக’ என்னும் ஈறே தொடர்ச்சியை உணர்த்திவிடுகிறது. ஆங்கிலத்தில் அதை வினையும் காட்ட வேண்டும். ஆகவே ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்றாகிறது. ‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்பவற்றில் தடுமாறுவோருக்குத் தமிழே வழிகாட்டும். ‘2021 முதல்’ என்று தொடக்கத்தைச் சுட்டினால் ‘சின்ஸ்’; ‘மூன்று ஆண்டுகளாக’ என்று அளவைச் சொன்னால் ‘ஃபார்’. இந்தியில் ‘சே’ என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் வருவதால், வடமாநிலத் தோழர்கள் ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

எதிர்ப்பிழையும் உண்டு. ‘சென்ற வாரம் அனுப்பியிருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்திலோ ‘லாஸ்ட் வீக்’, ‘யெஸ்டர்டே’ என முடிந்துபோன பொழுதைக் குறித்துவிட்டால் ‘ஹேவ் சென்ட்’ பொருந்தாது. ‘சென்ட்’ என்பதே முறை. பொழுதைக் குறிக்காது ‘ஆல்ரெடி’ என்றால் ‘ஹேவ் சென்ட்’ வரும்.

குருமடத்தில் நாம் கற்ற கிரேக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில், ஆண்டவரின் இறப்பையும் அடக்கத்தையும் புனித பவுல் முடிந்துபோன காலத்தில் வைக்கிறார். உயிர்ப்பை மட்டும், நிகழ்ந்து முடிந்தும் பயன் இன்றுவரை நிலைக்கும் காலத்தில் வைக்கிறார். அத்துடன் ‘மூன்றாம் நாள்’ என்னும் குறிப்பையும் சேர்க்கிறார். கிரேக்கம் இதற்கு இடம் தருகிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் இயல்பாக இணைவதில்லை. பல மொழிபெயர்ப்புகள் எளிய இறந்தகாலத்தோடு நின்றுவிடுகின்றன. வேதநூல் வல்லுநர்களுக்கே இத்தகைய இடர்ப்பாடு உண்டெனில், நம் பிள்ளைகள் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

பெற்றோரே, ஆங்கிலம் அறியாதவரும் இதில் துணைநிற்கலாம். பிள்ளை எழுதும்போது, ‘நீ சொல்வது முடிந்துவிட்டதா, இன்றும் தொடர்கிறதா?’ என்று தமிழில் கேளுங்கள். விடை தெளிவானால் வினையும் தெளிவாகும்.