தூணில் பெயர், ஏட்டில் ஊர்

வெளியூர்க்காரர்களுக்கு, ஜொகூர் மாநிலத்துச் செனாய் என்றால் விமான நிலையம்தான். 1942 ஜனவரிக் கடைசியில் ஜப்பானியர் முன்னேற முன்னேற, இந்தியப் படைகளும் ஆஸ்திரேலியர்களும் சிங்கப்பூரை நோக்கிப் பின்வாங்கிய நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ரயில் பாதையோடு வடக்கே போனால் லாயாங் லாயாங். அந்தப் பகுதியில்தான் ஜனவரி 28 அன்று 9ஆம் இந்திய டிவிஷனின் தளபதி பார்ஸ்டோ கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து ஜொகூர் பாலத்தைத் தகர்த்தார்கள்.

தளபதியின் சாவு புத்தகங்களில் இருக்கிறது. சிப்பாயைத் தேடினால் பாலம் தாண்டிச் சிங்கப்பூரின் கிராஞ்சிக்குப் போக வேண்டும்.

கிராஞ்சி போர் நினைவிடத்தின் தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கல்லறை கிடைக்காதவர்கள் எல்லாம் படையணி வாரியாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸும் உண்டு. பாலம் கட்டுவது, உடைப்பது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. 1780இல் தொடங்கிய படை, பெங்களூர்தான் தலைமையகம். பட்டாளத்தில் அவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. வடக்கத்தியர்தான் போர்க்குலம் என்று வெள்ளைக்காரன் கணக்குப் போட்டு, 1920களில் மதராஸ் காலாட்படைகளைக் கலைத்தபோதும் தம்பிகளை மட்டும் விடவில்லை. துப்பாக்கி தூக்கத் தமிழன் ஆகமாட்டான், ஆனால் வெடியைத் தோண்டி எடுக்க அவன்தான் வேண்டும்! வேடிக்கையான கணக்கு.

அந்தத் தம்பிகளில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். மலாயாவுக்கு வந்தவரல்ல; 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியோடு இத்தாலிக்குப் போனவர். 1944 பிப்ரவரி 24. காசினோ போர்முனைக்குப் பின்னால் மிக்னானோ என்ற ஊர். கண்ணிவெடி அகற்றும்போது லேன்ஸ் நாயக் ஒருவரின் கால் ஒரு வெடியின்மேல் பட்டுவிட்டது. ஜெர்மானியரின் அந்த ரக வெடி மிதித்தவுடன் வெடிக்காது. ஏறக்குறைய நான்கு விநாடி கழித்து இடுப்பளவு எகிறி, முந்நூற்றுச் சொச்சம் இரும்புக் குண்டுகளை நாலாபக்கமும் வாரி இறைக்கும். தரையோடு படுத்துக்கொண்டால் தப்ப வழியுண்டு என்பது அந்த வேலையில் இருப்பவருக்குத் தெரியும். சுப்பிரமணியனும் படுத்தார், வெடியின் மேலேயே. சுற்றியிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

எதிரியின் கண்முன்னே நடந்ததல்ல என்பதால் விக்டோரியா கிராஸ் இல்லை. அதற்கு இணையான ஜார்ஜ் கிராஸ், அந்த ஆண்டு ஜூன் 30 அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பதக்கத்தை வைஸ்ராய் வேவல் கையிலிருந்து வாங்கியவர் அவர் மனைவி. செங்கற்பட்டு ஜில்லாக் கிராமத்திலிருந்து டில்லிவரை அந்த அம்மாள் போன பயணத்தை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. விருதுக் குறிப்பு நான்கு விநாடியைத்தான் சொல்கிறது. அதற்கு முந்தைய முப்பது வருஷத்தைச் சொல்வதில்லை.

குடும்பத்துக்கு இடம் கொடுத்திருப்பது, விந்தையாக, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் ஏடுதான். அதன் கல்லறைத் தோட்டங்களில் நுழைவாயில் அருகே ஒரு சின்ன உலோகக் கதவு. உள்ளே பெயர்ப் பதிவேடு. இந்திய வீரர்கள் பலருக்கு அதில் ஒரு வரி: இன்னார் மகன், இன்னார் கணவர், இந்தக் கிராமம், இந்த ஜில்லா. அந்த ஒரு வரியில் அப்பா இருக்கிறார், வீட்டுக்காரி இருக்கிறாள், ஊர் இருக்கிறது. தூணில் வெறும் பெயராக நிற்பவர், ஏட்டைப் புரட்டியதும் யாரோ ஒருவருடைய பெரியப்பாவாகிவிடுகிறார்.

வீட்டில் "பட்டாளத்துக்குப் போன தாத்தா திரும்பவே இல்லை" என்ற பேச்சு இருந்தால், ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் குமாஸ்தாக்கள். ஒட்டிவாக்கத்தையே நாலு விதமாக எழுதக்கூடியவர்கள். எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிராஞ்சியில்தான் இருக்கிறார் என்று தெரிந்தால், ஜொகூர் பக்கம் சொந்தக்காரர் யாரிடமாவது சொல்லுங்கள். பாலம் தாண்டினால் கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம்.