இழுப்பதற்கு முன்

ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய காலந்தொட்டு எளிய பொறிகள் பாடத்தைப் படிப்பித்து வருகிறேன். கரும்பலகையில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒரு கயிறு, கீழே ஒரு சுமை. ‘தனி இயங்கு கப்பி, தேவையான விசையை ஏறக்குறையப் பாதியாக்கும், ஆனால் கயிற்றை இரு மடங்கு தூரம் இழுக்க வேண்டும்.’ பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையிலும் சரியாக எழுதுவார்கள். அப்படியொரு கப்பி வேலை செய்வதை நான் கண்ணால் கண்டது 2019ஆம் ஆண்டு மாரியில்தான்.

அன்று மச்சானுடைய வேனை இரவல் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு வட்டைக்குள் இருக்கும் காக்காவின் வாடிக்குப் போயிருந்தோம். திரும்பி வரும்போது மஃரிபு நேரமாகிவிட்டது. எதிரே பெட்டி பூட்டிய உழவு மெசின் ஒன்று வந்தது. அதற்கு இடம் கொடுக்க இடப்பக்கம் ஒதுக்கினேன். மூன்று நாள் மழையில் ஊறியிருந்த கரை, டயர் பட்டதும் களியாகக் கரைந்தது. இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் புதைந்து, வேன் வாய்க்கால் பக்கம் சரிந்து நின்றது. மனைவியையும் பிள்ளைகளையும் வலப்பக்கக் கதவால் இறக்கினேன். பிறகு ஏறி அக்சிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்க வேன் இன்னும் கீழே போனது.

புதைந்த வாகனங்களை எடுத்துக்கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரின் இலக்கம் மச்சானிடம் இருந்தது. அழைத்தேன். பதினையாயிரம் கேட்டார்.

“அரை மணித்தியால வேலைக்குப் பதினையாயிரமா?” என்று நான் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது. அவர் கோபப்படவில்லை. “தேவையெண்டா எடுங்க சேர்” என்று வைத்துவிட்டார்.

எதிரே வந்த மெசின்காரத் தம்பிக்கு மனம் கேட்கவில்லை. “எனக்கு இடம் தந்துதானே இப்படி ஆன. நான் இழுத்துத் தாறன் சேர்” என்றார். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, சங்கிலியின் ஒரு முனையை மெசினிலும் மறு முனையை வேனின் பம்பரிலும் மாட்டினார். பக்கத்து வயலில் காவலுக்கு நின்றவர்களும் ஓடி வந்தார்கள். அவர்களோடு என் வகுப்புப் பையன் ஒருவனும் வந்தான். இருட்டிவிட்டதால் என் கையிலிருந்த டோர்ச்சை அவனிடம் கொடுத்து, “சங்கிலிக்குக் கிட்ட நின்று வெளிச்சம் காட்டு மகன்” என்றேன்.

நான்தான் சொன்னேன்.

தம்பி தொய்ந்து கிடந்த சங்கிலியோடு மெசினை வெடுக்கென்று எடுத்தார். ஒரு சத்தம். பம்பரின் ஒரு பக்கம் பிய்ந்து, சங்கிலியோடு சேர்ந்து பறந்தது. மெசினின் மட்கார்ட்டில் அது அடித்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு நெளிந்திருந்தது. பையன் டோர்ச்சோடு அப்படியே நின்றான். அவனுக்கும் அந்த நெளிவுக்கும் இடையில் ஒரு முழமும் இல்லை. தம்பியின் முதுகுக்கும் அவ்வளவுதான். யாரும் பேசவில்லை. என் மனைவி மட்டும் “அல்லாஹ்!” என்றாள்.

நான் மறுபடியும் அதே இலக்கத்தை அழைத்தேன்.

முன்னால் வின்ச் பூட்டிய பழைய டபுள் கெப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “வேனுக்குள்ள ஆக்கள் ஆரும் இருக்காங்களா?” இரண்டாவதாகச் சொன்னது, “எல்லாரும் அந்த மதகுக்கு அங்கால போங்க.” பிறகு அவர் எதையும் இழுக்கவில்லை. டோர்ச்சை அடித்தபடி வேனைச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். தடியொன்றைச் சேற்றில் குத்தி ஆழம் பார்த்தார். சில்லுகளுக்கு முன்னால் இருந்த களியை மண்வெட்டியால் வெட்டிச் சரிவாக்கி, பலகை வைத்தார். சேறு உறிஞ்சிப் பிடித்திருக்கும், அந்தப் பிடி விடாமல் இழுத்தால் வண்டியின் பாரத்தைவிட அதிகமாக இழுக்க வேண்டிவரும் என்றார்.

பாதையோரம் ஒரு மருதமரம் நின்றது. மரத்தோல் வெட்டுப்படாதபடி அகலமான பட்டியை அதில் சுற்றினார். வின்ச்சின் கம்பிக் கயிற்றைக் கொண்டுபோய், வேனின் சட்டத்தில் மாட்டிய கப்பி ஒன்றைச் சுற்றி எடுத்து, முனையை மரத்துப் பட்டியில் கொளுவினார். என் கரும்பலகைப் படம் அங்கே சேற்றில் கிடந்தது. கடைசியாக ஈரச் சாக்கொன்றை எடுத்துக் கயிற்றின் மேல் போட்டார். எதற்கென்று கேட்டேன்.

“கயிறு அறுந்தா பறக்கும் சேர். சாக்குப் பாரம் அதைக் கீழ விழுத்தும்.”

கயிறு மெதுவாக இறுகியது. நான் படிப்பித்தது போலவே, கயிறு இரண்டடி சுருள வேன் ஓரடி நகர்ந்தது. சேறு பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு பிடியை விட்டது. இழுத்த நேரம் பத்து நிமிடம் இருக்காது. அதற்கு முந்திய வேலைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

பிய்ந்த பம்பரைப் பார்த்து, “இது அழகுக்கு வைச்ச தகடு சேர், இழுக்கிறதுக்கு இல்ல. சங்கிலியும் இழுபடாது. வெடுக்கெண்டு இழுத்தா முழு அடியும் மெலிஞ்ச இடத்தில்தான் விழும்” என்றார். கூடுதலாகக் கேட்பார் என்று நினைத்தேன். முதலில் சொன்ன பதினையாயிரத்தையே வாங்கிக்கொண்டார். அரை மணித்தியால வேலை என்று நான் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. அது எனக்கு இன்னும் கனத்தது.

மெசின்காரத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் ஒரு சதமும் கேட்காமல், மனதால் உதவ வந்தவர். விசையைப் பற்றி வருடாவருடம் படிப்பிக்கிற நான்தான், அந்த விசை எந்தப் பக்கம் பாயும் என்று ஒரு கணம் யோசிக்காமல் பிள்ளையொருவனை அதன் பக்கத்தில் நிறுத்தினேன்.

அடுத்த தவணையில் கப்பிப் பாடம் வந்தது. வேனையும் மருதமரத்தையும் வரைந்து, அந்த இரவின் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். மருதமரத்தில் தொடங்கி, வேன் மேலே வந்ததோடு முடித்துக்கொண்டு வெண்கட்டியை வைத்தேன். இரண்டாவது வாங்கிலிருந்து அவன் எழும்பினான்.

“சேர், அதுக்கு முந்தி சங்கிலி பறந்ததைச் சொல்லல்லையே?”

அவன் என்னைக் குற்றம் சாட்டவில்லை. பாடத்தில் ஒரு பகுதி விடுபட்டுப் போனதாகத்தான் நினைத்தான். நான் வெண்கட்டியைத் திரும்ப எடுத்து, சங்கிலியை வரைந்தேன். அதன் பக்கத்தில் டோர்ச்சோடு ஒரு சிறிய உருவத்தையும் வரைந்து, அவனை அங்கே நிறுத்தியது யார் என்பதையும் சொன்னேன்.