தோலுக்குக் கீழே இரும்பு: கம்போங் மேடான் பட்டறையில் ஒரு நாள்



பிரிக்பீல்ட்ஸ் வரை வந்து, கோயிலைக் கும்பிட்டு, புடவைக் கடை ஏறி இறங்கி, வாழை இலைச் சாப்பாட்டோடு திரும்பிவிடுகிறவர்கள் நம்மில் பலர். அடுத்த முறை வரும்போது கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறிப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886-ஆம் ஆண்டிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பந்தாய் டாலாம், பெட்டாலிங் என்று நிலையங்களைக் கடந்து, ஜாலான் டெம்ப்ளர் அல்லது கம்போங் டத்தோ ஹருணில் இறங்கினால், கம்போங் மேடான் வட்டாரம் பக்கத்தில்தான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பிழைப்புத் தேடி வந்த நம் மக்கள் பலர் இந்தப் பகுதியில் பலகை வீடு கட்டிக் குடியேறினார்கள். 2001 மார்ச்சில் இங்கே மூண்ட இனக் கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. அதன் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே தயங்குகிறவர்கள் உண்டு. ஆனால் ஓர் ஊரை ஒரு வாரத்துச் செய்தியைக் கொண்டு எடைபோடலாமா? இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைவீடுகளும் நெருங்கி நிற்கும் இந்தச் சுற்று வட்டாரத்தில் கைத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனையோ!

நான் போனது ஒரு பழைய காருக்காக. என் மைத்துனரின் தகப்பனார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் விட்டுச் சென்றது ஒரு போர்டு கோர்ட்டினா. தலையில் கறுப்பு வினைல் கூரை. பிள்ளையின் கல்யாணத்திற்கு அந்தக் காரில்தான் மணமக்கள் வரவேண்டும் என்று மைத்துனருக்கு ஆசை. கூரையோ வெளுத்து, விளிம்பில் உரிந்து, அங்கங்கே கொப்புளம் போட்டிருந்தது. கையில் இருந்ததோ எண்ணி எடுத்து வைத்த பணம்.

வினைல் கூரை என்றால் என்னவென்று இளைய வாசகர்கள் கேட்கலாம். துணியின் மேல் பிளாஸ்டிக் பூசி, தோல் போன்ற சுருக்கம் பதித்த விரிப்பு அது. அதைக் காரின் இரும்புக் கூரைமேல் பசை போட்டு ஒட்டி, ஓரங்களில் பளபளக்கும் உலோகப் பட்டை அடிப்பார்கள். மடக்குக் கூரை வண்டியின் சாயல் இருக்கட்டும் என்பதற்காக வந்த அலங்காரம். அமெரிக்காவில் 1962-இல் போர்டு தண்டர்பேர்ட் லாண்டாவ் இதை அணிந்து வந்தது. இங்கிலாந்தில் 1970-இல் வந்த மூன்றாம் மாடல் கோர்ட்டினாவின் ஜி.எக்ஸ்.எல். வகைக்கும் இதே தலைப்பாகைதான். எண்பதுகளில் மோகம் குறைந்தது.

நம் நாட்டில் கார் பூட்டும் தொழில் தொடங்கியதும் இதே ரயில் பாதையோரம்தான். 1967-இல் பத்து தீகாவில் வால்வோ கார்களைப் பூட்டும் ஆலை வந்தது. அதையடுத்துள்ள ஷா ஆலம் நகரம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த மண்! பால்மரம் நின்ற இடத்தில் கார் ஆலைகள் எழுந்தன. 1985-இல் புரோட்டான் சாகாவும் அங்கிருந்துதான் புறப்பட்டது.

சரி, பட்டறைக்கு வருவோம். 'கெத்தோக், சாட்' என்று மலாயில் பலகை மாட்டிய சின்னப் பட்டறை. தட்டுவதும் சாயம் அடிப்பதும் ஒருவர். குஷன் தைப்பவர் இன்னொருவர். மூத்தவர் காரைச் சுற்றி வந்தார். ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம்.

"தம்பி, இது காத்து இல்ல, துரு" என்றார்.

"அண்ணே, மேல புதுசு போட்டா மறைஞ்சிடாதா?" என்று கேட்டார் மைத்துனர்.

"மறையும். ரெண்டு மழைக்காலம் மறைஞ்சிருக்கும்."

லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தகரக் கூரையில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றித்தானே முதலில் துரு பிடிக்கும்? காரிலும் அப்படியே. தையல் வழியாகவும், உலோகப் பட்டையின் அடியிலும், கண்ணாடி ஓரத்திலும் தண்ணீர் உள்ளே போகிறது. போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் நம் ஊர். வெயில் மேல்தோலைக் காய்ச்சி வெடிக்க வைக்கிறது. மழை இரும்பைத் தின்கிறது.

அந்தப் பெரியவர் சொன்ன வழிகள் நான்கு.

முதலாவது, நிறம் மட்டும் வெளுத்திருந்தால்: மிதமான சவர்க்கார நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டு, வினைலுக்கென்றே விற்கும் சாயத்தை மெல்லிய பூச்சுகளாக அடிக்கலாம். தின்னர் ஊற்றித் துடைக்கவே கூடாது, மேல்தோல் கரைந்துவிடும். எண்ணெய்ப் பளபளப்புத் தரும் சிலிக்கோன் மெழுகும் வேண்டாம். பிறகு சாயமும் பிடிக்காது, பசையும் பிடிக்காது.

இரண்டாவது, விளிம்பு மட்டும் தூக்கியிருந்தால்: மெல்லத் திறந்து, அடியில் இரும்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, புதுப் பசையிட்டு ஒட்டலாம். துரு தெரிந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

மூன்றாவது, முழுவதையும் மாற்றுவது. முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பட்டைகள் எல்லாம் கழற்ற வேண்டும். பழைய விரிப்பை உரித்து, பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, துருத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பிறகுதான் புது விரிப்பு. கூரையிலும் விரிப்பின் முதுகிலும் பசை தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் காற்றுத் தங்காமல் அழுத்திக்கொண்டே போவார்கள். இரண்டு தையல் கோடுகளும் நேராக நிற்க வேண்டும். கோணினால் தெருக்கோடியிலிருந்தே தெரியும்!

நான்காவது, விரிப்பே வேண்டாமென்று எடுத்துவிட்டு, இரும்பைச் சரிசெய்து சாயம் அடிப்பது. பட்டை பொருத்திய துளைகளை அடைக்க வேண்டும். வண்டியின் நிறமே மாறுவதானால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் தெரிவிப்பது அவசியம்.

மைத்துனர் நெடுநேரம் பேசவில்லை. தகப்பனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கறுப்புக் கூரையைத் துடைத்த நினைவு அவருக்கு. அது இல்லாவிட்டால் அப்பாவின் காராக இருக்குமா என்ற கவலை. கடைசியில் நான்காவது வழியையே எடுத்தார். "இரும்பு இருந்தா அப்பாவோட கார் இருக்கும். தோல அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். கூரையை உரித்தபோது, பின் கண்ணாடியின் மேல் ஓரம் சல்லடையாக இருந்தது. மேலே புதுசு ஒட்டியிருந்தால் கல்யாணப் படம் அழகாக இருந்திருக்கும், கார் இருந்திருக்காது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஒரு வண்டி நிற்கலாம். பட்டறைக்குப் போனால், இரும்பு வேலைக்கு எவ்வளவு, சாயத்திற்கு எவ்வளவு, விரிப்பிற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். உரித்த பிறகு கூரையை ஒருமுறை உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்குப் பின் மூடட்டும். வண்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தி வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே புழுங்கும்.

வாத்தியார் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டறையில் குஷன் தைக்கும் பெரியவருக்குப் பின்னால் அத்தொழிலைக் கற்க ஆள் இல்லையாம். படிப்பில் மனம் ஒட்டாமல், கை மட்டும் சும்மா இருக்காத பையன்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! அவர்களை ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள். அளந்து வெட்டவும், நேராகத் தைக்கவும், பசை காயும் வரை பொறுக்கவும் கற்ற பையன் எந்த ஊரிலும் பட்டினி கிடக்க மாட்டான்.