கருவிகளுக்கும் கேள்விக்கணக்கு உண்டு



கணினி, கைப்பேசி, மின்வாகனம் ஆகியவற்றின் மீது நமக்குள்ள ஆர்வம் நண்பர்கள் அறிந்ததே. 'எதை வாங்கலாம்?' என்று கேட்போரிடம் விலையையும் வேகத்தையும் சொல்வதோடு, ஹலால், ஹராம் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மென்பொருள். இறைச்சிக் கடையில் 'ஹலால்தானே?' என்று இருமுறை விசாரிக்கும் நாம், உரிமமின்றிப் பூட்டுடைத்த மென்பொருளைக் கணினியில் ஏற்றும்போது எதையும் விசாரிப்பதில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நூலாக்க உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகளே என்றும், அவற்றில் அத்துமீறல் கூடாது என்றும் தீர்மானித்தது. மென்பொருள் எழுதியவரின் உழைப்பும் இதில் அடங்கும் என்பதே நம் கருத்து.

கையில் பணமில்லை என்பது இதற்குக் காரணமாகாது. அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, தமிழிலேயே பயன்படுத்தலாம். இயங்குதளமாக லினக்ஸ் இருக்கிறது. இரண்டும் இலவசம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு. சில கணக்கு மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை. அவை தேவைப்படும் வணிகர்கள் உரிமம் வாங்கிக்கொள்வதே முறை.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத மடிக்கணினிகள் பல வீடுகளில் உள்ளன. அவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. நான்கு ஜிபி நினைவகம் இருந்தாலே லினக்ஸ் மின்ட் இயங்கும். பிள்ளைகளின் படிப்புக்கு அது போதும். நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டவர்கள். பழுது பார்த்துப் பயன்படுத்துவது நமக்கு இழுக்கன்று, சுன்னத்தான பண்பு.

அடுத்து, தொழுகை நேரச் செயலிகள். செயலியை நிறுவியதும் அஸர் அமைப்பைச் சரிபாருங்கள். நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் இருமடங்காகும்போது. நம் ஊர்களில் இதனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபடும். இருப்பிட அனுமதியைக் கொடுக்காமல் ஊரின் பெயரை மட்டும் குறிப்பிட்டாலும் நேரம் சரியாகவே காட்டும். கோடிக்கணக்கானோர் தரவிறக்கிய தொழுகைச் செயலி ஒன்றிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் தரகு நிறுவனத்துக்குச் சென்றதாக 2020-இல் செய்தி வெளியானதை மறந்துவிடக் கூடாது.

இறுதியாக மின்வாகனம். மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டர் ஓட மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போதும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கூட்டி வைத்தாலும் நாற்பது ரூபாய்தான். பெட்ரோல் வண்டிக்கு அதே தூரத்துக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. வாங்கும்போது எல்.எஃப்.பி. வகை மின்கலமா என்று கேளுங்கள். அதில் கோபால்ட் இல்லை. காங்கோவின் சுரங்கங்களில் சிறுவர்கள் தோண்டியெடுக்கும் கோபால்ட்டுக்கு நாம் விலை கொடுக்க நேராது.

ஆயினும், எரிபொருளில் மிச்சம் பிடிக்கிறோம் என்று வட்டிக் கடனில் வண்டி வாங்கினால், அந்த மிச்சத்தில் பரக்கத்தை எங்கே தேடுவது? மாதந்தோறும் எரிபொருளுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைச் சேமித்து, காலம் தாழ்ந்தாலும் ரொக்கத்துக்கு வாங்குவதே நம் பரிந்துரை. வட்டியின்றி வணிகர் தரும் தவணை கிடைத்தாலும் நல்லதுதான். ஆனால், 'வட்டியில்லை' என்ற விளம்பரத்தின் பின்னால் தாமதக் கட்டணமும் பரிசீலனைக் கட்டணமும் ஒளிந்திருக்கின்றனவா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஐயமிருந்தால் ஆலிம்களிடம் காட்டிக் கேளுங்கள்.

செல்வத்தை எவ்வழியில் ஈட்டினோம், எவ்வழியில் செலவிட்டோம் என்று மறுமையில் நாம் வினவப்படுவோம். நம் கையிலுள்ள கருவிகளும் அக்கணக்கில் அடங்கும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதை எளிதாக்கி வைப்பானாக! ஆமீன்.