தெரிந்த ஆள் என்றாலும் எழுதி வாங்குங்கள்



படிப்பை முடித்துக் கடலுக்கோ கூலி வேலைக்கோ போய்க் கையில் நாலு காசு சேர்ந்ததும் எங்கள் பெடியள் வந்து கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், ஆர் 15 ஒண்டு விலைக்கு வந்திருக்கு. ஆளிட்ட நேர வாங்கிறதோ, டவுனில சேல்ல வாங்கிறதோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பெற்றோரும் வாசியுங்கள். காசு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

எழுவைதீவுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் எதற்கு என்று சிலர் சிரிப்பார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போகக்கூடிய ஊர்தான். ஆனால் பெடியன் ஓடப்போவது இங்கே அல்ல. வள்ளத்தில் ஊர்காவற்றுறையில் இறங்கி, வேலணை, அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணை வீதியால் யாழ்ப்பாணம் போய் வரத்தான் கேட்கிறான். அந்த ஆசையில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்த ஆசைக்காக அம்மாவின் காப்பு அடகுக்குப் போவதும், சுவிஸில் இருக்கிற அண்ணன் இரண்டு வேலை செய்து காசு அனுப்புவதும்தான் என்னை யோசிக்க வைக்கிறது.

இந்தப் பைக்குகள் சும்மா விலையேறவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் போன அந்த ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. இப்போது வருகிற புதியவற்றை வரியோடு சேர்த்துப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு எட்டாது. ஆகவே பழையதுதான் வழி. அதை யாரிடம் வாங்குவது என்பதுதான் கேள்வி.

சட்டம் இந்த இரண்டு வழிகளையும் ஒரே மாதிரிப் பார்க்கவில்லை. எங்கள் நாட்டில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விற்கிற பொருள் தன்னுடையதாக, விற்க உரிமை உள்ளதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு எந்த விற்பனையாளருக்கும் உண்டு. ஆனால் பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு, அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான். பக்கத்து ஊர்ப் பெடியன் தன் பைக்கை விற்றால் அந்தப் பொறுப்பு அவனுக்கு இல்லை. கடைக்காரருக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சோதித்து வாங்கியபோது கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையைப் பின்னர் சொல்லி வாதாட முடியாது. 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வியாபாரிகளைப் பற்றியதுதான். எனவே காகிதத்தில் பார்த்தால் கடை பாதுகாப்பானது.

ஆனால் நடைமுறையில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சேலில் நிற்கிற பைக் அநேகமாகக் கடைக்காரரின் பெயரில் இருக்காது. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். குருநாகலிலோ அனுராதபுரத்திலோ இருக்கிற யாரோ ஒருவரின் பெயர் இருக்கும். அவர் கையெழுத்து வைத்துத் திகதி போடாமல் கொடுத்த படிவங்கள் ஒரு உறைக்குள் இருக்கும். இதைத்தான் 'ஓப்பன் பேப்பர்' என்கிறோம். பெயர் மாற்றுகிற செலவு மிச்சம் என்பதற்காக ஒரே உறை நாலைந்து கை மாறுகிறது. நீங்கள் காசு கொடுப்பது கடைக்காரரிடம். உங்களுக்கு உரிமையை மாற்றித் தரவேண்டியவரோ நீங்கள் வாழ்க்கையில் பார்த்தேயிராத ஒருவர். ஆகவே கடையில் வாங்கினாலும் நீங்கள் வாங்குவது ஒரு தனி ஆளிடம்தான், அதுவும் முகம் தெரியாத ஆளிடம்.

மோட்டார் வாகனச் சட்டப்படி வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் பதிவு உரிமையாளர் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்பவருக்கு எம்.ரி.ஏ. 8 படிவம், வாங்குபவருக்கு எம்.ரி.ஏ. 6 படிவம். இது நடக்காவிட்டால் விபத்தோ வழக்கோ வரும்போது பொலிஸ் முதலில் தேடிப்போவது புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான். அதனால் ஓப்பன் பேப்பரில் கொடுப்பது விற்பவருக்கும் ஆபத்து.

2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். எரிபொருளுக்கு கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கொடுத்த காலம். வாகன இலக்கத்தை முன்னைய உரிமையாளர் தன் பெயரில் பதிந்துவிட்டதால், பைக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் பதிய முடியாமல் அலைந்தார்கள். அன்றைக்குத்தான் பலருக்குத் தாங்கள் ஓடுகிற வாகனம் தங்களுடையது அல்ல என்று விளங்கியது.

எனக்குத் தெரிந்த ஒரு தீவகக் குடும்பம், பெயர் வேண்டாம். மகனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் பைக் எடுத்துக் கொடுத்தார்கள். கடைக்காரர் நல்லாய்ப் பேசினார், சோடா வாங்கிக் கொடுத்தார், "பேப்பர் எல்லாம் கிளியர்" என்றார். ஒவ்வொரு வருடமும் இன்சூரன்ஸ் போட்டு, புகைப் பரிசோதனை செய்து, வரிப்பத்திரம் எடுத்து ஓடினான். ஒரு குறையும் தெரியவில்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு அதை விற்கப் போனபோதுதான் வாங்க வந்தவர் பெயர் மாற்றித் தரச் சொன்னார். புத்தகத்தில் இருந்த மனிதர் இறந்து ஒன்றரை வருடம். இனி அவருடைய வாரிசுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், மரணச் சான்றிதழ் வேண்டும், மற்ற ஆவணங்கள் வேண்டும். அந்தப் பைக் இன்றைக்கும் கொட்டிலுக்குள் நிற்கிறது. கலியாணத்துக்கு வேறு இடத்தில் கடன் பட்டார்கள்.

அப்படியானால் தெரிந்த ஆளிடம் வாங்கினால் பிரச்சினை இல்லையா? அங்கே வேறு ஒரு சங்கடம். எங்கள் தீவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமா, மச்சான், அண்ணை. "அண்ணை, புத்தகத்தை ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்க வாய் வராது. கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று நினைப்பார்களாம். விற்பவருக்கும் "அது விழுந்த பைக்தான்" என்று சொல்ல வாய் வராது. இரண்டு பேரும் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆறு மாதத்தில் எஞ்சின் புகை கக்கியதும் பைக்கோடு சேர்ந்து உறவும் பழுதாகிறது. கடைக்காரனோடு சண்டை பிடித்தால் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். பக்கத்து வேலிக்காரரோடு சண்டை பிடித்தால் ஒவ்வொரு நாளும் ஒரே வள்ளத்தில் போய்வர வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் மார்க்கத்தில் இருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிரசங்கம் அல்ல, பயன்படும் என்பதால். குர்ஆனில் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. இரண்டாம் அத்தியாயம் 282 ஆம் வசனம். சிறிய தொகை, பெரிய தொகை என்று பார்த்துச் சலிக்காமல் எழுதச் சொல்கிறது. வாங்கி விற்கும்போது சாட்சி வைக்கச் சொல்கிறது. காரணத்தையும் சொல்கிறது: பிறகு சந்தேகம் வராமல் இருக்க. அதாவது எழுதச் சொல்வது சந்தேகத்தால் அல்ல, சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக. இது விளங்கினால் புத்தகத்தைக் கேட்பதில் வெட்கம் இருக்காது.

இன்னொன்று. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை ஆட்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அவரைக் கண்டித்தார்கள். நனைந்த தானியத்தை விற்பது அங்கே பிழையாகவில்லை, மறைத்ததுதான் பிழையானது. பழைய பைக்கில் குறை இருக்கும். அதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றால் அது நல்ல வியாபாரம்.

அப்படி விற்றவரும் எங்களுக்குள் இருக்கிறார். கடல்தொழில் செய்கிற ஒருவர், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, ஒருக்கா வலப்பக்கம் விழுந்தது என்று தானாகவே சொல்லி, அதற்கேற்ற காசைக் கழித்துக் கொடுத்தார். வாங்கிய தம்பி கிளட்ச் மாற்றி ஓடுகிறான். இரண்டு பேரும் இன்றைக்கும் கதைக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. யாரிடம் வாங்கினாலும் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பைக்கில் அடித்திருக்கிற இலக்கத்தோடு உங்கள் கண்ணால் ஒப்பிடுங்கள். சுரண்டியதுபோல் இருந்தால் திரும்பி வாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, திகதி போட்ட கையெழுத்து, இரண்டு சாட்சிகளோடு ஒரு கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் விலையையும் சொல்லப்பட்ட குறைகளையும் எழுதுங்கள். கடையில் வாங்கினால் புத்தகத்தில் பெயர் உள்ளவரோடு போனிலாவது பேசுங்கள். பேச வைக்க முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

பைக்கைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் எஞ்சினை மூடியிருக்கிற பிளாஸ்ரிக் கவர் அழகுக்கு மட்டுமல்ல, விழுந்த காயத்தை மறைக்கவும் உதவும். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர் 15 தண்ணீரால் குளிர்கிற எஞ்சின், ரேடியேட்டர் துருப்பிடித்து ஒழுகினால் செலவு பெரிது. எங்கள் உப்புக் காற்றில் நின்ற பைக் என்றால் முன் போர்க் குழாய், செயின், வயர் இணைப்புகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். கடை தருகிற வாரன்டியையும் நம்பி இருக்காதீர்கள். எழுதித் தந்தால்தான் அது வாரன்டி. எழுதித் தந்தாலும், பழுதான பைக்கை யாழ்ப்பாணம் வரை ஏற்றிப்போகிற செலவு உங்களுடையது.

கடையில் தவணைக்குத் தருவார்கள். வட்டி எனக்கு ஆகாது, அது என் நம்பிக்கை. மற்றவர்களும் மாதக் காசை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தையும் கூட்டிப் பாருங்கள். வருகிற தொகைதான் பைக்கின் விலை.

1990, 91 களில் தீவகத்து மக்களும் இடம்பெயர்ந்தார்கள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களும் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்து காணி, வீடு கேட்டபோது உறுதி கையில் இருந்தவர் நிலை வேறு, இல்லாதவர் நிலை வேறு. காகிதத்தின் பெறுமதியை எங்கள் இரண்டு சமூகத்துக்கும் யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. பைக்குக்கும் அதே கவனம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

எனவே தம்பிமாரே, ஆளா கடையா என்று கேட்பதற்கு முன், பெயர் மாற்றித் தருவாரா, குறையை எழுதித் தருவாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஓம் என்பவரிடம் வாங்குங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், இருந்து நிரப்பித் தருகிறேன். காசு கொடுப்பதற்கு முதல்நாள் வாருங்கள், கொடுத்த பிறகு அல்ல.